வளைவுக்கும் பாலத்துக்கும் நடுவே

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் விஷயம். நான் போட்ட திட்டத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏப்ரல் கடைசியிலிருந்து நம் ஊருக்குச் சுற்றுலாக் குழுக்கள் வரும். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் கிடையாது. ஓட்டல் கிடையாது, உங்கள் வீட்டிலும் தையல்காரர் வீட்டிலும் தங்கி, வீட்டில் ஆக்கியதைச் சாப்பிட வேண்டும். பஸ் நிற்கும் இடத்துக்கு மேல் வண்டி ஏறாது. கொண்டுவந்த குப்பையை அவரவர் திரும்ப எடுத்துப் போக வேண்டும். எல்லாம் ஊர்க்கூட்டத்தில் நீங்கள் கேட்ட நிபந்தனைகள்தான். ஒன்றைக்கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள். அவர்தான் வழிகாட்டி.

திட்டத்தின் பெயர் 'உள்ளூர்ப் பண்பாட்டில் வேரூன்றிய மலைப்பயணம்'. சிரிக்காதீர்கள். பெயர் வைத்தது எங்கள் மேனேஜர்.

நடை உங்கள் வீட்டில் தொடங்கி, ஊற்றைத் தாண்டி, வளைவு வழியாகப் பலகைப் பாலத்தைக் கடந்து மேல் தோட்டத்தில் முடியும். போகிற வழியில் நின்று சொல்ல நாலு சங்கதி வேண்டும். வளைவிலிருந்து பாலம் வரை யாருமே பேசமாட்டார்களே, ஏன்? சின்ன வயதில் அங்கே வாயைத் திறந்ததற்காக அண்ணன் என் வாயை எத்தனை முறை பொத்தியிருக்கிறார் தெரியுமா? வீட்டில் எனக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தவர்கள் அந்த ஓர் இடத்தில் மட்டும் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். ஆனால் காரணம் யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. விசாரித்து எழுதுங்கள். போனில் வேண்டாம். நீங்கள் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று கத்துவதை ஊரே கேட்கிறது.

தோட்டத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 12

அன்புள்ள ரேடியோவுக்கு,

உறையில் போட்டு ஒட்டியது நல்லதாய்ப் போயிற்று. கார்டாக இருந்திருந்தால் பஸ் கண்டக்டரே பதில் எழுதியிருப்பார்.

கேள்வி கேட்பதற்கு நீ சரியான ஆளைத்தான் பிடித்தாய். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே நான் உன் அண்ணனைக் கேட்ட கேள்வி அது. அன்றைக்கு என்ன பதிலோ இன்றைக்கும் அதே பதில். "பேசக்கூடாதுன்னா பேசக்கூடாது. உனக்கு எல்லாத்துக்கும் காரணம் வேணும்." உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இந்த ஊர் வாய் அந்த வளைவில் மட்டும் தானாக மூடிக்கொள்கிறதே, அது எப்படி?

டீக்கடைக்காரியைக் கேட்டேன். "ஏறும்போது மூச்சு வாங்கும்ல, அதான் பேசுறதில்ல" என்றாள். அங்கே ஏற்றமே இல்லை. ஊரிலேயே சமமான இடம் அதுதான். தையல்காரர், அந்தக் காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் அங்கே சண்டை போட்டுப் பேச்சை முறித்துக்கொண்டார்கள், அதிலிருந்து வந்த பழக்கம் என்றார். அவருக்கும் அவர் தம்பிக்கும் இப்போது பேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாத்தியார், "அது இயற்கைக்கு நாம கொடுக்கிற மரியாதைம்மா" என்றார். மரியாதை கொடுப்பவர் அதே இடத்தில் சிகரெட் துண்டை ஏன் எறிகிறார் என்று கேட்டேன். மணி அடித்துவிட்டது என்று வகுப்புக்குள் போய்விட்டார்.

மாமாவைக் கேட்கவில்லை. இரண்டு காதும் போன மனிதரிடம் கத்திக் கேட்கிற கேள்வியா இது? இதை எழுதும்போது அவர் கூரை மேல் நின்று தகரம் மாற்றிக்கொண்டிருக்கிறார். முட்டி வலி என்று மேல் தோட்டத்துப் பக்கமே வராதவர் ஏணியில் அணில் மாதிரி ஏறுகிறார். அதுவும் எனக்கு ஒரு கேள்விதான்.

இன்னும் கொஞ்சம் நாள் கொடு. கண்டுபிடித்துவிடுவேன்.

தோட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்று எழுதுவதும் கேட்பதுதானடி. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு நாள் காலையில் மாமா தோட்டத்துச் சாவியை உன் அண்ணன் கையில் வைத்து, "இனிமே நீ பாத்துக்க" என்றார். அந்தத் தோட்டத்துக்கு வளைவை விட்டால் வேறு வழியும் கிடையாது, அதை விட்டால் அவருக்கு வேறு உலகமும் கிடையாது. ஏன் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டுக் கொடுக்கவில்லை.

அன்புடன்,
கேள்வி அண்ணி


மார்ச் 20

அன்புள்ள அண்ணி,

நாள் கொடுக்க முடியாது. அச்சகத்தில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தைக் கொடு பக்கத்தைக் கொடு என்கிறார்கள். வாத்தியாரின் மரியாதையையும் டீக்கடைக்காரியின் மூச்சையும் வைத்து நான் என்ன எழுதுவது?

அதனால் நானே ஒரு கதை எழுதிவிட்டேன். முன்னொரு காலத்தில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மணப்பெண் நடந்து வந்தாள். மாப்பிள்ளை வரத் தாமதமானதால் சரிவில் சாய்ந்து தூங்கிப்போனாள். இன்னும் தூங்குகிறாள். அவளை எழுப்பிவிடக் கூடாது என்றுதான் ஊர்க்காரர்கள் பேசாமல் கடக்கிறார்கள். நன்றாக இல்லை? எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. மேனேஜர் இரண்டு முறை படித்தார். சரிவில் ஒரு பெண் படுத்திருப்பது போலப் படமும் வரையச் சொல்லிவிட்டார்.

அண்ணன் வளைவில் குழுவை நிறுத்தி இதைச் சொல்ல வேண்டும். ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். யாருக்கும் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஊரிலேயே யாருக்கும் தெரியாத காரணத்தை நான் எங்கே போய்த் தேடுவது?

நாத்தனார்


மே 2

அன்புள்ள ரேடியோ,

முதல் குழு வந்து போயிற்று. எட்டுப் பேரும் நல்ல மாதிரி. ஒரு அம்மாள் என்னோடு அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்கினார். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன். "எங்க வீட்டுல நறுக்க வேண்டாம்னுதான் வந்தேன், இங்க வந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார். குப்பையை எல்லாரும் ஒழுங்காகக் கட்டி எடுத்துப் போனார்கள். ஒருவர் மட்டும் பையை ஊற்றுக்குப் பக்கத்தில் மறந்துவிட்டார். உன் அண்ணன் பஸ் வரைக்கும் ஓடிப்போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது உன் மணப்பெண் சமாசாரம். நான் நடைக்குப் போவதில்லை, வீட்டில் உலையைப் பார்க்க வேண்டும். ஆனால் திரும்பி வந்த எட்டுப் பேர் வாயிலும் அவள்தான். சாயங்காலம் டீக்கடையில் அவர்கள் பேசியதை ஊர் கேட்டுக்கொண்டது. மறுநாள் டீக்கடைக்காரி என்னிடமே வந்து, "அந்தப் பொண்ணு எங்க வம்சந்தான், உனக்குத் தெரியாதா?" என்கிறாள். இதைக் கேட்ட தையல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. மணப்பெண்ணுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்ததே அவர் கொள்ளுத்தாத்தாவாம். வாத்தியாரும் சும்மா இல்லை. அவள் வந்த திசையைக் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டுகிறார். நீ மார்ச் மாதம் பெற்ற பெண்ணுக்கு இங்கே மூன்று வீடு தாய்வீடாகிவிட்டது!

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு குடைச்சல். இனிமேல் நான் யாரைக் கேட்டாலும் உன் கதையைத்தான் எனக்குத் திருப்பிச் சொல்வார்கள். உண்மையான காரணம் என்று ஒன்று எங்கேயாவது கிடந்தால், அதன் மேல் நீ நல்ல சமுக்காளமாகப் பார்த்து விரித்துவிட்டாய்.

நேற்று நானே போய் வளைவில் உட்கார்ந்து பார்த்தேன். மேலே பொடிக்கல்லும் செம்மண்ணுமாக ஒரு சரிவு. கீழே பாதை. ஒரு செடிகூட அங்கே பிடித்து நிற்கவில்லை. அது ஏன்? வீட்டுக்கு வந்து உன் அண்ணனைக் கேட்டேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டார்.

அண்ணி


மே 9

அண்ணி,

குழுவில் பின்னால் இருந்தவர்களுக்குக் கதை சரியாகக் கேட்கவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதனால் சின்ன ஒலிபெருக்கி ஒன்று பார்சலில் அனுப்புகிறேன். தோளில் மாட்டிக்கொண்டு பேசலாம். அண்ணன் இனிமேல் வளைவில் நின்று இதில்தான் பேச வேண்டும்.

ஜூன் முதல் வாரம் மேனேஜரே வருகிறார். அவருக்குப் பிடித்தால் நம் ஊரோடு மூன்று வருஷ ஒப்பந்தம். பிடிக்காவிட்டால், பக்கத்து மலையில் கம்பியில் தொங்கிப் போகிற வண்டியும் ஓட்டலும் கட்டுகிறவர்களிடம் போய்விடுவார். பிறகு அவர்கள் இந்த மலைக்கும் வருவார்கள். ஊருக்கு இருக்கிற ஒரே வாய்ப்பு இதுதான். எனக்கும் அப்படித்தான்.

நீங்கள் சமுக்காளம் என்று எழுதியது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அண்ணி, மூடி மறைப்பதைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். அப்பா தோட்டத்தை அண்ணனுக்குக் கொடுத்ததை எனக்கு யார் சொன்னது? இங்கே சந்தைக்கு வந்த டீக்கடைக்காரி. பெற்ற அப்பா சொல்லவில்லை, கூடப்பிறந்தவர் சொல்லவில்லை. அந்தப் பேரிக்காய் மரங்களில் பாதி நானும் அப்பாவும் சேர்ந்து நட்டவை. "நான் கேட்டுக் கொடுக்கவில்லை" என்கிறீர்களே, பிறகு யார் கேட்டது? உயிராக வைத்திருந்த தோட்டத்தை ஒரு மனிதர் ஒரே காலையில் காரணம் இல்லாமலா தூக்கிக் கொடுப்பார்? நான் நாலு வருஷமாக வீட்டுப் படி மிதிக்காமல் இருப்பது ஏன் என்று எல்லாவற்றுக்கும் ஏன் ஏன் என்று கேட்கிற நீங்கள் ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை.

நாத்தனார்


மே 17

ரேடியோ,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபத்தோடு அடுக்களையைக் கழுவினேன். கழுவி முடித்ததும், நீ கேட்டது நல்ல கேள்வி என்று தோன்றியது. உயிராக வைத்திருந்ததை ஒரு மனிதர் ஏன் ஒரே காலையில் கொடுக்க வேண்டும்?

ஊரில் எல்லாரையும் எல்லாம் கேட்டவள், வீட்டுக்குள் இருப்பவரை ஒன்றும் கேட்கவில்லை. காது கேட்காதவரிடம் என்னத்தைக் கேட்பது என்று விட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். மாமா, நீங்கள் ஏன் மேல் தோட்டத்துக்கு வருவதில்லை?

"முட்டி" என்றார்.

நான் கூரையைக் காட்டினேன். ஏணியைக் காட்டினேன். மாமா, உன் அண்ணன் பக்கத்தில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "காது போனவன் அந்த வளைவை எப்படிம்மா தாண்டுறது?" என்றார்.

நடப்பதற்குக் காது எதற்கு என்று எழுதினேன். ஊசியில் நூல் கோக்கக் கண் எதற்கு என்று கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "மேலேருந்து பெருசு வர்றதுக்கு முன்னாடி பொடி வரும். பொடி சத்தம் கேட்டா திரும்பிடணும். எனக்குத்தான் கேக்கலையே. நான் போய், என்னைத் தேடி என் மகன் வந்து, ரெண்டு பேரும் அதுல மாட்டவா?"

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கல. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்." தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மககிட்ட முட்டின்னே சொல்லு. காது போயிடுச்சு, தோட்டம் போக பயமா இருக்குன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துரும்" என்றார். நான் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உட்கார்ந்து மெதுவாகப் படி. மரியாதையும் இல்லை, மணப்பெண்ணும் இல்லை. அங்கே வாயை மூடுவது காதைத் திறந்து வைப்பதற்கு. அந்த இடத்தில் போய் ஒருவரை நிறுத்திக் கதை சொல்லச் சொல்லியிருக்கிறோம். அதுவும் ஒலிபெருக்கியில். இங்கே முதல் மழை பெய்துவிட்டது. உன் அண்ணனிடம் சொன்னேன். "இத்தனை வருஷத்துல ஒரு கல்லு விழுந்து நான் பாத்ததில்ல" என்று சிரித்தார். நீ சொன்னால் கேட்பார். அவரை அங்கே பேச வேண்டாம் என்று நீ எழுது. மேனேஜரை மழைக்குப் பிறகு வரச் சொல்.

அண்ணி


மே 25

அண்ணி,

அப்பாவுக்கு என்னிடம் சொல்ல வாய் இல்லையா? நான் பிறந்ததிலிருந்து அந்த வழியில் ஒரு கூழாங்கல் உருண்டு நான் பார்த்ததில்லை. பேசாமல் போனதற்கும் தோட்டம் கைமாறியதற்கும் ஒரே காரணம் என்கிறீர்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் நன்றாகவே முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். நான் ஒரு கதை எழுதினேன், பதிலுக்கு நீங்கள் ஒன்று எழுதிவிட்டீர்கள். உங்களுடையது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

மேனேஜரின் தேதியை மாற்ற முடியாது. நானும் கூட வருகிறேன்.

நாத்தனார்


ஜூன் 10

அன்புள்ள அண்ணி,

பஸ் ஏறும்போது நீங்கள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேள்வி அண்ணி கேள்வி கேட்காமல் நின்றது எனக்குத் தெரிந்து அன்று ஒரு நாள்தான். அன்றைக்கு எனக்கும் பேச்சு வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அண்ணன் மணப்பெண் கதையை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே, கிளம்புவதற்கு முன்பே, மேனேஜரோடு சேர்த்து வந்திருந்த ஏழு பேரையும் உட்கார வைத்துச் சொல்லி முடித்துவிட்டார். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் இங்கே ஏன் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஒலிபெருக்கியைக் கேட்டேன். அலமாரியைக் காட்டினார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. நானே பிரித்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். காலையில் மழை விட்டிருந்ததே, வெயில்கூட அடித்தது. அடுக்களை வாசலில் நின்று நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பார்க்காத மாதிரி போனேன்.

வளைவு வந்ததும் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். சொல்லுங்கள் என்று ஜாடை காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு நடந்தார். மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். மூன்று வருஷ ஒப்பந்தம் கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது. நின்றேன். பொத்தானை அழுத்தினேன். "இதோ, இந்தச் சரிவில்தான்" என்று ஆரம்பித்தேன். சத்தம் மலையில் பட்டு அழகாகத் திரும்பி வந்தது.

அண்ணன் பாய்ந்து வந்து, அத்தனை பேர் முன்னால், என் வாயைப் பொத்தினார். சின்ன வயதில் பொத்திய அதே மாதிரி. பெட்டி தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவமானத்தில் அவர் கையைக் கடித்துவிட இருந்தேன். அப்போதுதான் கேட்டது. மேலே எங்கேயோ, முறத்தில் பயறு கொட்டுகிற மாதிரி. சின்னச் சத்தம். நின்றது. மறுபடி வந்தது.

அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்துத் திருப்பினார். மேனேஜரையும்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது. வளைவைத் தாண்டி ஊற்றுக்குப் பக்கம் வந்து நாங்கள் மூச்சு விடுவதற்குள் மலை இறங்கியது. பாதை இல்லை. பாலம் இல்லை. நான் நின்று பேசிய இடம் இல்லை. பெட்டி அந்த மண்ணுக்கு அடியில் எங்கோ கிடக்கிறது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அன்றைக்கு என் வாய் மூடியிருந்ததால்தான் ஒன்பது பேர் பிழைத்தோம்.

சாயங்காலம் அப்பா என் தலை, கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். "எங்கயும் அடிபடலையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அழுதது அவருக்குக் கேட்கவில்லை. அண்ணி, அவருக்கு இவ்வளவு கேட்காது என்று எனக்குத் தெரியாது. நாலு வருஷம் வராமல் இருந்தவளுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எழுதியதைக் கதை என்று சொன்ன கை இது. மன்னித்துவிடுங்கள் என்று நேரில் சொல்ல வாய் வரவில்லை.

பஸ்ஸில் வரும்போதே மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். மணப்பெண் என் கற்பனை, இனி அந்த இடத்தில் யாரும் பேச மாட்டார்கள், மழைக் காலத்தில் நடையே கிடையாது என்று. அவர் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். "கதை இருந்துட்டுப் போகட்டுமே. கடைசியில மணப்பெண் எல்லாரையும் காப்பாத்தினான்னு ஒரு வரி சேத்துடலாம்" என்றார். முடியாது என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். வேலை இருக்கிறதா, ஒப்பந்தம் இருக்கிறதா, எதுவும் தெரியவில்லை. ஊரிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

உங்கள்,
ரேடியோ


ஜூன் 22

அடியே ரேடியோ,

மன்னிப்பை எல்லாம் ஏணிக்குப் பக்கத்தில் சாத்தி வை, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். முதலில் உன் அண்ணனைப் பற்றிக் கேள்.

இந்த மனிதர் ஒரு நாள்கூட அந்த வளைவில் கதை சொன்னதில்லையாம்! முதல் குழுவிலிருந்தே கூடத்தில்தான் சொல்லியிருக்கிறார். நான் அப்போது அடுக்களையில் உலையோடு இருந்திருக்கிறேன். நான் பயந்து பயந்து சண்டை போட்டபோதெல்லாம் போர்வையை மூடிக்கொண்டாரே தவிர, இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றேன். "தங்கச்சி எழுதிக் கொடுத்ததைச் செய்யலன்னா அது மனசு கஷ்டப்படும்ல" என்கிறார். சரி, அங்கே ஏன் சொல்லவில்லை? நான் சொன்ன காரணத்தைத்தான் சிரித்துவிட்டீர்களே? அதற்கு, "காரணமெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த எடத்துக்குக் கால் போனா நாக்கு தானா மடங்கிக்குது" என்றார்.

இது என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரணம் தெரியாமலே இத்தனை தலைமுறை எப்படிக் காப்பாற்றிக் கொண்டு வந்தார்கள்? ஒருவேளை காரணம் தெரிந்திருந்தால், இன்றைக்கு வெயில்தானே, இன்றைக்கு அவசரம்தானே என்று எவனாவது பேச ஆரம்பித்திருப்பானோ? நீ யோசித்து எழுது.

ஊரே சேர்ந்து புதுப் பாதை வெட்டுகிறது, பலகைப் பாலத்தையும் திரும்பப் போடுகிறது. கொஞ்சம் கீழே தள்ளி. ஆனாலும் சரிவுக்கு அடியில்தான் போகிறது, வேறு வழியில்லை. வெளியூரிலிருந்து வந்த மேஸ்திரி இரண்டாம் நாளே, "இந்த ஊர் ஆளுங்க என் மேல எதுக்குக் கோவமா இருக்காங்க?" என்று என்னிடம் வந்து கேட்டார். அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் மண் அள்ளினால் அவர்தான் என்ன நினைப்பார்?

உன் மணப்பெண்ணை மட்டும் கொல்ல முடியவில்லை. அவள்தான் புரண்டு படுத்து உங்களை எச்சரித்தாள் என்கிறாள் டீக்கடைக்காரி. அது நாத்தனார் எழுதியது என்று நான் சொன்னதற்கு, "அவளுக்கு எழுதத் தோணுனதே யாராலங்கிற?" என்று கேட்டாள். பெற்றவளே வந்து சொன்னாலும் இனிப் பிரயோஜனம் இல்லை.

ஒப்பந்தத்துக்காக ஊரில் யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. ஒன்பது பேரும் நடந்து திரும்பியதே போதும் என்கிறார்கள்.

மாமா தினமும் கூரை மேல் ஏறி மேல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மாற்றுவதற்குத் தகரம் எதுவும் பாக்கி இல்லை. போன வருஷம் பேரி எப்படிக் காய்த்தது என்று உன் அண்ணனிடம் மரம் மரமாகக் கேட்கிறார். உன் மரங்களைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

எப்போது வருகிறாய்? இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

அண்ணி


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணி,

ஒப்பந்தம் ஆகிவிட்டது. நான் ஆசையை விட்டிருந்தேன். இத்தனை நாள் மலைப்பேச்சையே எடுக்காத மேனேஜர் நேற்று என்னைக் கூப்பிட்டார். "என் வீட்டுல முறம் எடுத்துப் புடைச்சாலே எனக்கு நெஞ்சு திக்குங்குது. நீங்க சொன்னபடியே போட்டுடுங்க" என்றார். அவருக்கும் அது கேட்டிருக்கிறது. எட்டுப் பேர், வீடுகளில் தங்கல், மழை மாதங்களில் நடை கிடையாது. மூன்று வருஷம். ஊர்க்கூட்டத்தில் அண்ணனை வாசிக்கச் சொல்லுங்கள்.

மணப்பெண் படம் இருந்த பக்கத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் எழுதியது இது: 'இந்த வளைவிலிருந்து பாலம் வரை ஊரில் யாரும் பேசுவதில்லை. நீங்களும் பேச வேண்டாம். மேலே கல் உருளும் சத்தம் வந்தால் வழிகாட்டி உங்கள் தோளைத் தொடுவார். காரணம் கேட்காமல் திரும்பி நடங்கள்.' கடைசி வரி உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும், பதில் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.

நீங்கள் யோசிக்கச் சொன்னதை யோசித்தேன். எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் காரணம் கேட்கத் தெரிந்த நான்தான் அங்கே பேசினேன், தெரியாத அண்ணன் பேசவில்லை. அதற்கு மேல் என் புத்தி ஓடவில்லை.

தோட்டத்தில் எனக்குப் பங்கே வேண்டாம் என்று பெருந்தன்மையாக எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். பொய். வருஷத்துக்கு ஒரு கூடை பேரிக்காய் வேண்டும். நான் நட்ட மரங்களிலிருந்து. அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். மழை விட்டுப் பாதை காய்ந்துவிட்டது என்று கண்டக்டர் சொன்னார், ஆமாம், அவரேதான். ஞாயிறு காலை நான் அப்பாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறேன். காது என்னுடையது, கால் அவருடையது. அவர் என் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். ஏதாவது கேட்டால் நான் அழுத்துவேன், திரும்பிவிடலாம். கேட்காவிட்டால் போய் மரங்களைப் பார்த்துவிட்டு வரலாம். முட்டி வலி என்று ஆரம்பித்தால் ஏணியைக் காட்டுங்கள்.

காலண்டர் தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவரிடம் இப்போதே காட்டிவிடுங்கள்: வளைவிலிருந்து பாலம் வரை ரேடியோ வாயைத் திறக்காது. நம்ப மாட்டார். வந்து காட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள்,
ரேடியோ